கூண்டுக்கு அளவு

கரடியைவிட மனிதன் உயர்ந்தவன் என்பதற்கு ஒரே ஓர் ஆதாரம்தான் உண்டு: மனிதன் குப்பைத்தொட்டியில் கைவிட்டுத் தின்பதில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டபடி தையல்காரர் இதை அறிவித்தபோது, வனக்காவலர் கவிழ்ந்து கிடந்த தொட்டியின் முன் குந்தியிருந்தார்.

"வெட்கங்கெட்ட ஜென்மம் சார் அது! தினமும் இதே கூத்து."

"மீன் முள்ளைத் தொடவே இல்லையே?" காவலர் தலையைச் சொறிந்தார். "கேக்கு மட்டும் காலி. டப்பாவை வேற மூடி வச்சிருக்கு."

"நல்லா வளர்ந்த கரடி," என்றார் தையல்காரர்.

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். காவலருக்குச் சர்க்கரை போட்டது, கணவருக்கு டாக்டர் சொன்னபடி போடாதது. "வீட்டுக்கு வர்ற இனிப்பையெல்லாம் அப்பப்போ தூக்கிப் போட்டுடறேன் தம்பி. அதான் மோப்பம் பிடிச்சு வருது போல."

காவலருக்குக் கூண்டு வைக்க மனசே இல்லை. அந்தக் கரடி குட்டியும் கையுமாகத் திரிவதைத் தினமும் பார்ப்பவர் அவர். பிடிக்கிற களேபரத்தில் தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம் ஆகிவிட்டால்?

ஜீப்பிலிருந்து ஓர் இரும்புத் தொட்டியை இறக்கினார். "விரலை உள்ளே விட்டுக் கொக்கியைத் தூக்கினாத்தான் திறக்கும். கரடிக் கை நுழையாது. தீனி கிடைக்கலைன்னா அது ஏன் சார் இந்தப் பக்கம் வரப்போகுது?"

"ஒரு கரடிக்காக நான் கொக்கி நோண்டணுமா? கூண்டு வைங்க சார்! வேணும்னா அளவு நானே எடுத்துத் தர்றேன்."

"இதையும் திறந்துச்சுன்னா வைக்கிறேன்."

மறுநாள் காலையிலேயே தையல்காரரிடமிருந்து போன். "திறந்துடுச்சு சார்! தொட்டி திறந்து கிடந்ததை என் பொண்டாட்டியே பார்த்துட்டா. கூண்டோட வாங்க!"

சாயங்காலம் வருவதாகச் சொன்ன காவலருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானமே கூண்டை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் 'கிளிக்' என்று ஒரு சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

கொக்கிக்குள் விரல். கழுத்தில் நாடா. மீசை முழுக்கக் கேக் க்ரீம்.

காவலரைக் கண்டதும் தையல்காரர் மெல்லுவதை நிறுத்தினார். ஆனால், துப்பவில்லை.

சன்னலில் எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ, மனைவி நிதானமாகக் கேட்டார்:

"தம்பி, கூண்டு இவரு அளவுக்குச் சரியா வருமா?"