ஒரு கை அளவு

“ரெண்டு கையையும் விரிச்சு, சுவரோட ஒட்டி நில்லுங்கய்யா.”

பெரியவர் வலது கையை மட்டும் விரித்தார். இடது கை, கூட வந்த அம்மாவின் பிடியில் இருந்தது.

எனக்கு அது அன்றைய கடைசி அளவு. காலையிலிருந்து வயதானவர்களை அளந்து, குழாயில் ஊதச் சொல்லி, “இன்னும், இன்னும், விடாதீங்க” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அவர்கள் மூச்சைச் சோதிப்பதற்குள் என் மூச்சு போய்விடும்.

இந்த உடம்புக்கு எவ்வளவு மூச்சு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட, இயந்திரம் முதலில் உயரத்தைக் கேட்கும். கூன் விழுந்தவர்களின் உயரத்தை நம்ப முடியாது. அதனால் கைகளை விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளப்போம். முதுகு வளைந்தாலும் கை குறைவதில்லை.

“கொஞ்சம் விடுங்கம்மா” என்றார் பெரியவர்.

அந்த அம்மா விடவில்லை. உடும்புப் பிடி. நானே விரல்களைப் பிரிக்கப் போனேன். அந்த அம்மா அலறிய அலறலில் பின்வாங்கிவிட்டேன்.

பெண்டாட்டியை ‘வாங்க, போங்க’ என்று பேசுகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரரை இவரிடம் ட்யூஷனுக்கு அனுப்பலாம்.

“இன்னொரு நாள் தனியா வாங்களேன்.”

“இன்னிக்கு மயக்க மருந்து டாக்டர்கிட்ட ரிசல்ட் குடுக்கலேன்னா ஆபரேஷன் தேதி போயிடும்மா. வலி தாங்கல.”

ஒரு கை வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. தொண்டைக் குழியிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். டேப்பைப் பிடித்தேன்.

பிறகு உட்கார வைத்து, மூக்கில் கிளிப்பை மாட்டி ஊதச் சொன்னேன். பெரியவர் ஊதினார். அந்த அம்மாவும் கன்னத்தை உப்பிக்கொண்டு கூடவே ஊதினார். ஒவ்வொரு முறையும்.

நகமும் சதையுமாக வாழ்ந்திருப்பார்கள் போல. அந்தக் களைப்பிலும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

மூச்சு மோசமில்லை. ரிசல்ட்டை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“முடிஞ்சுதுய்யா. ஆபரேஷனுக்கு வரும்போது அம்மாவைப் பாத்துக்க வீட்ல ஆள் வெச்சுட்டு வாங்க.”

பெரியவர் எழுந்திருக்கவில்லை.

“இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. காலையில ஒருத்தர் கூட்டிட்டு வந்து, வெளிய பெஞ்சுல என் பக்கத்துல உக்கார வெச்சாரு. தண்ணி வாங்கிட்டு வரேன்னு போனாரு. அப்பப் பிடிச்ச கை. டோக்கன் குடுக்கறவர்கிட்ட சொன்னேன். வந்துடுவாருன்னாரு.”

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். வராந்தாவில் ஒருவரும் இல்லை. கூட்டுகிற பெண் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்றைக்கும் நேரத்தோடு வீடு போய்ச் சேர முடியாது. அதற்கப்புறம்தான் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

பெரியவர் வாசலைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

அந்த அம்மா கன்னத்தை உப்பியபடி, அடுத்து எப்போது ஊத வேண்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பையை இறக்கி வைத்தேன்.