மூன்றாவது வளைவின் மயில்

“ஒன்பதாவதோட படிப்ப நிறுத்துன புள்ளைக்கு அஞ்சாந் தலைமுறைக் காருக்கும் ஏழாந் தலைமுறைக் காருக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? ஓட்டிக் காட்ட வேற ஆள் இல்லையா?”

கோவைப் பந்தயத் தடத்தில், கார் வாங்க வந்த ரங்கநாயகம் சார் கேட்டபோது, கூச்சத்தில் என் தலை குனிந்தது.

சாலைக்கும் தடத்துக்குமாக அவருக்கு ஒரே கார் வேண்டும். ஏழாந்தலைமுறைக் கார் தானே ஓடும். ஐந்தாவதை நாம்தான் ஓட்ட வேண்டும். ஏழாவதில் ஒரு சுற்றுப் போய்வந்து சொக்கிப்போனார்.

“ஓட்டுனா இப்படி ஓட்டணும்! மூணாவது வளைவுக்கு முன்னாடி மட்டும் ஏன் தயங்குது?”

மெக்கானிக் மாரப்பண்ணன் சிரித்தார். “அஞ்சாவதுல இந்தப் புள்ளகூட ஒரு சுத்து போயிட்டு வாங்க சார்.”

நான் ஓட்டினேன். அதே வேகம், அதே லாவகம். மூன்றாவது வளைவுக்கு முன் என் கால் தானாகத் தளர்ந்தது.

“நீயும் ஏம்மா தயங்கற?”

“அப்பெல்லாம் இங்க மயில் குறுக்க வருமுங்க சார். அது பழகிப்போச்சு. ஏழாவதுக்கு ஓட்டக் கத்துக்குடுத்தது நான்தானுங்க.”

சொல்லும்போது என் முதுகு நிமிர்ந்திருந்தது.

மறுநாள் அவர் ஐந்தாவதையே வாங்கி எடுத்துப்போக வந்தார். தானே ஓட்டித் தடத்தை ஒருமுறை சுற்றினார். மயிலே இல்லாத அந்த வளைவுக்கு முன் அவர் காலும் தளர்ந்து, கார் ஒரு கணம் தயங்கியது. பிறகு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.