பொன் நிறத்து முனை

அந்த டிரில் பிட்டைப் பார்த்ததுமே செந்தாமரைக்குப் பிடிக்கவில்லை.

இரும்புக்கு எதற்குத் தங்க நிறம்?

வாணியம்பாடியிலிருந்து மலையேறி வந்திருந்த சத்தார் பாய் அதைத் துணியிலிருந்து பிரித்து, பட்டறை முதலாளி வெற்றிவேலின் உள்ளங்கையில் வைத்தார். பெண்ணுக்குத் தோடு காட்டுகிறவர் மாதிரி, அவ்வளவு பதனமாக.

ஜமுனாமரத்தூரில் இருந்த அந்தப் பட்டறையில் சாமை உடைக்கும் மிஷின் செய்தார்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் கனத்த இரும்புப் பட்டைகளில் ஏகப்பட்ட துளைகள் போட வேண்டும். எண்பது துளைக்குள் பிட் மழுங்கிவிடும். மழுங்கியதைப் பின்கொட்டகையில் உட்கார்ந்து சாணை பிடித்துத் தருவது செந்தாமரையின் வேலை. ஆறு வருடமாக அதுதான்.

பாய் விளக்கினார். காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் பிட்டுகளை நிறுத்தி, ஒரு உலோகத்தை ஆவியாக்கி மேலே படியவிடுவார்களாம். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாத பூச்சு. ஆனால் பிட் நாலு மடங்கு உழைக்குமாம்.

நாலு மடங்கு உழைத்தால் தனக்குச் சாணை பிடிக்க என்ன மிஞ்சும் என்று அவள் யோசித்தாள்.

புருஷன் லட்சுமணன் ஏற்கெனவே குடகில், காபி எஸ்டேட்டில். மகள் ஹாஸ்டலில் ஒன்பதாவது படிக்கிறாள். இந்த வேலையும் போனால் அவளும் குடகுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். லீவுக்கு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட ஆள் இருக்காது.

இரண்டு மாதம் முன்பு அவள் தீட்டி வைத்த பிட்டுகளில் இரண்டு டஜன் காணாமல் போயின. கேட்டதற்கு, எங்காவது கிடக்கும் என்றான் வெற்றிவேல். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே ஏதோ நடக்கிறது என்று நினைத்தாள். இன்று அந்த ஏதோ கார் ஏறி வந்திருக்கிறது.

துளை போடுகிற அருள் பிட்டை மிஷினில் மாட்டினான். செந்தாமரை கொட்டகைக்குப் போகவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, இரும்புச் சுருளைக் கூட்டுகிற சாக்கில் அங்கேயே நின்றாள்.

எண்பது ஆயிற்று. மழுங்கிய பிட்டைப் போல அது கத்தவில்லை.

நூற்றைம்பது. பாய் கைமறைவில் பிட்டை மாற்றுகிறாரோ என்று அவர் விரல்களையே கவனித்தாள். அவர் கைகள் பின்னால் கட்டியபடியே இருந்தன. பட்டைதான் மெலிதோ என்று ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். அதே கனம்.

இருநூறு தாண்டியபோது அருள் ஒருமுறை நிறுத்தி எண்ணெய் விட்டான். அவள் குனிந்து முனையைப் பார்த்தாள். பூச்சை விடு. அடியில் சாணை பிடித்திருந்த விதத்தைத்தான் அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே சரிவு. சாணையில் சூடேறி நீலம் பாய்ந்த தடமே இல்லை.

கீழே யாரோ நன்றாகத் தொழில் கற்றவனைப் பிடித்துவிட்டார்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் பாயே போதும் என்றார். வெற்றிவேல் டீ சொல்ல வெளியே போனான். அருள் கை கழுவப் போனான். பாய் மட்டும் மேஜையில் கிடந்த பழைய பிட் ஒன்றை எடுத்து, பையிலிருந்த சின்ன லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“இதெல்லாம் இங்க யாரும்மா சாணை புடிக்கிறது?”

யாரை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்வது என்று பெயர் குறித்துக்கொள்ளத்தானே இந்தக் கேள்வி? செந்தாமரை துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தாள்.

“இங்க யாரும் இல்லீங்க. மெட்ராஸ்லேர்ந்தே தீட்டி வருது.”

அவர் பிட்டைக் கீழே வைத்தார். டீ வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

வெற்றிவேல் கையில் டீயோடு நின்றபடியே அவருக்குப் போன் போட்டான். பேசப் பேச அவன் முகம் மாறியது. பிறகு மெதுவாக அவளிடம் வந்து விஷயத்தைச் சொன்னான்.

காணாமல் போன இரண்டு டஜனையும் அவன்தான் பூச்சுக்கு அனுப்பியிருக்கிறான். அவள் தப்பாக எடுத்துக்கொள்வாள் என்று மறைத்திருக்கிறான். இன்று முந்நூற்றுப் பன்னிரண்டு துளை போட்டதும் அதில் ஒன்றுதான். மலையடிவாரத்தில் முப்பது பட்டறைக்குப் பூச்சுப் போட்டுத் தந்தவர் பாய். எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சு. ஆனால் அவர் சோதித்துப் பார்த்ததில் இந்த இரண்டு டஜன் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு உழைத்தன. முனை சரியாக இல்லாவிட்டால் பூச்சு உதிர்ந்துவிடுமாம். தீட்டிய கை எது என்று பார்க்கத்தான் அவர் மலையேறினார். எல்லாப் பட்டறைப் பிட்டுகளையும் அந்தக் கைக்கே அனுப்பி வைப்பதாக யோசனை. முன்கூட்டியே சொன்னால் முதலாளி ஆளைக் காட்டாமல் ஒளித்துவிடுவானோ என்று அவருக்கும் ஒரு சந்தேகம். அதனால் வெற்றிவேலிடம்கூட வாய் திறக்கவில்லை.

“மெட்ராஸ்னு ஏன்க்கா சொன்ன?” என்றான் வெற்றிவேல்.

அவள் போனுக்குக் கையை நீட்டினாள். அவன் மறுபடி பாய்க்குப் போட்டுக் கொடுத்தான்.

“பாய், நான்தாங்க தீட்டுறது. அப்போ பொய் சொல்லிட்டேன்.”

“நீயாம்மா?” என்றார் பாய். பெருக்குகிற பொம்பளை என்றுதான் அவர் நினைத்திருப்பார். இப்போது சந்தேகப்படுவது அவர் முறை.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த முனைகளில் லென்ஸுக்குத் தெரிகிற ஒரு பளபளப்பு இருக்கிறது, சாணைக்கல் அதைத் தராது, வேறு எதில் தேய்க்கிறாய் என்று.

ஆறு வருடத்தில் அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. தெரிந்தால் அருளே செய்துவிடுவான் என்று கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வாள்.

“பழைய தோல் செருப்புங்க. அடித்தோல்ல வச்சு இழுப்பேன்.”

வெற்றிவேல் டீயைக் குடிக்காமல் அவளையே பார்த்தான்.

“எத்தன இழுப்பும்மா?” என்றார் பாய் போனில்.

செந்தாமரை வெற்றிவேலைப் பார்த்தாள். கை துடைத்தபடி வந்த அருளைப் பார்த்தாள். பிறகு இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, கணக்கைச் சொன்னாள்.