முதல் சாவி

கிழித்த அழைப்பிதழை அருண்ராஜின் முகத்தில் விட்டெறிந்த கை, அதே வேகத்தில் அவன் கன்னத்திலும் இறங்கியது. நிலைதடுமாறிப் பின்னால் சாய்ந்தவனின் புருவத்தைக் கதவின் நாதாங்கி கிழித்தது.

"எடத்தக் குடுத்தவன் நானு. எம்பேரு மூணாவதா?" என்றார் கொளஞ்சிநாதன்.

நெய்வேலி சுரங்கத்துக்குக் கூலியாட்களை அனுப்பும் கான்ட்ராக்டர் அவர். ‘தானே’ புயல் அடித்தபோது நிவாரணம் கொண்டுவந்த வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று அங்கேயே தங்கிவிட்டது. வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறும் பெண்களுக்காக இப்போது டவுன்ஷிப்பை ஒட்டி ஓர் இல்லம் கட்டியிருந்தது. அதற்கு நிலம் எழுதிக் கொடுத்தவர் கொளஞ்சிநாதன். அடுத்த தேர்தலில் நிற்கும் ஆசைதான் அந்தத் தாராளத்துக்குக் காரணம் என்று ஊரே பேசிக்கொண்டது.

அமைப்பில் அருண்ராஜுக்கு விழா ஏற்பாட்டு வேலை. யார் பெயர் முதலில், யாருக்கு எந்த நாற்காலி, யார் கையால் விளக்கு என்பதையெல்லாம் அவனும் அவனுடைய மேலதிகாரி மலர்கொடியும் முறைப்படி முடிவு செய்வார்கள். இல்லத்தின் திறப்பு விழாவுக்கு டெல்லியிலிருந்து வரும் அமைப்பின் தலைவி பெயர் முதலில், மாவட்ட எஸ்.பி. பெயர் அடுத்து என்று அச்சடித்ததுதான் வினையாகப் போயிற்று.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்தாள் கொளஞ்சிநாதனின் மனைவி பெரியநாயகி. வீட்டுக்கு வந்த பிள்ளையை அடிக்கலாமா என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். அவள் கையிலிருந்த பித்தளைச் செம்பைப் பிடுங்கி, அதனாலேயே அவள் முகத்தில் அடித்தார் கணவர். விழுந்தவளின் இடுப்பில் ஓங்கி ஒரு உதை விட்டார். பிறகு ஒன்றும் நடக்காததுபோலச் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

அருண்ராஜ் அவளைத் தூக்கி உட்காரவைத்தான். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டும் அவள் அசையவில்லை. வாயில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தபடி விழாவைப் பற்றித்தான் விசாரித்தாள்.

"அந்த எஸ்.பி. ஐயா கட்டாயம் வருவாருங்களா தம்பி?"

வருவார் என்றான். இவ்வளவு அடி வாங்கியும் புருஷனின் விழா நல்லபடியாக நடக்கவேண்டும் என்று தவிக்கிறாளே என அவனுக்குப் பரிதாபமாக இருந்தது.

புருவத்தில் தையலோடு அலுவலகம் திரும்பியவன், நடந்ததையெல்லாம் மலர்கொடியிடம் கொட்டினான். பெரியநாயகி விழுந்து கிடந்ததையும் விழாவைப் பற்றி விசாரித்ததையும்கூட விடவில்லை. அந்த ஆளை விழாவிலிருந்தே தூக்கவேண்டும் என்றான். மலர்கொடி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில், வேறு அழைப்பிதழ் அச்சடித்துவிடலாம், கொளஞ்சிநாதன் பெயரே முதலில் இருக்கட்டும், இல்லத்தின் முதல் சாவியையும் அவரே வழங்கட்டும் என்றார்.

அருண்ராஜுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "பொண்டாட்டிய மிதிக்கிற ஆளு கையாலயா மேடம் அந்தச் சாவியக் குடுக்கணும்?"

"அவரு கையாலதான் குடுக்கணும்," என்றார் மலர்கொடி.

புது அழைப்பிதழை அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார். கொளஞ்சிநாதன் வீட்டிலிருந்து அவர் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று. விழா முடிந்த கையோடு இந்த வேலையை விட்டுவிடுவது என்று அருண்ராஜ் அன்றே முடிவு செய்துவிட்டான்.

விழாவன்று பட்டு வேட்டி சரசரக்க வந்த கொளஞ்சிநாதன், மேடைக்குப் பின்னால் அருண்ராஜைப் பிடித்துக்கொண்டார். தோழமையோடு தோளில் கை போடுவதுபோல் போட்டு, இன்னொரு கையின் கட்டைவிரலைப் புருவத் தையலில் வைத்து அழுத்தினார். தையல் பிரிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"இப்ப எம்பேரு மேல வந்துடுச்சி, பாத்தியா?" என்று சிரித்தார்.

அருண்ராஜ் முஷ்டியை ஓங்கிவிட்டான். எங்கிருந்தோ வந்த மலர்கொடி அவன் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு போனார். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள் என்றார். அவர் பிடித்த பிடியில் அவன் கை வலித்தது.

விளக்கேற்றி முடிந்தது. இல்லத்தில் சேரும் பெண்களின் முகம் வெளியே தெரியக் கூடாது என்பது அமைப்பின் விதி. அதனால் முதலாவதாகச் சேரும் பெண், இல்லத்தில் கொடுத்த நீலச் சேலையில் முக்காடிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மேடையேறினாள். கொளஞ்சிநாதன் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சாவியை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அத்தோடு விட அவருக்கு மனமில்லை. மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் தங்கச்சிய அடிச்சவன் எவனா இருந்தாலும் சரி, இந்தக் கேட்டத் தாண்டி உள்ள வரக் கூடாது. இது நான் எல்லாரு முன்னாடியும் குடுக்கற வாக்கு."

கூட்டம் கைதட்டியது. யாரோ விசிலும் அடித்தார்கள். டெல்லியிலிருந்து வந்த தலைவி, பக்கத்திலிருந்தவரிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு தாமதமாகத் தட்டினார். மேடையோரம் நின்ற அருண்ராஜ் கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான்.

சத்தம் ஓயும்வரை அந்தப் பெண் இறங்காமல் நின்றாள். பிறகு முகத்திலிருந்த துண்டை எடுத்தாள். வீங்கிய கன்னம், கிழிந்த உதடு. கொளஞ்சிநாதனின் கை பழக்கத்தில் மேலே எழும்பியது. பக்கத்து நாற்காலியிலிருந்த எஸ்.பி. சட்டென்று எழுந்து நின்றார். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

பெரியநாயகி மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப நீங்க வராதீங்க."