மந்திரமூர்த்தியின் நாக்கு

“வீட்டுக்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது அண்ணாச்சி. இங்கனயே, என் கண்ணு முன்னாடி பத்த வைக்கணும்” என்றார் கமால்.

பசுவந்தனை பஸ் நிறுத்தத்தில் கமாலின் பெட்டிக்கடை. கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மந்திரமூர்த்தியின் கையில் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கியூபா சுருட்டு. துபாய் ஹோட்டலில் வேலை பார்க்கும் கமாலின் மகன் தௌபீக், லீவுக்கு வரும்போது கொண்டுவந்தது. ஒற்றைச் சுருட்டு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் என்று அவன் சொன்னதும் கமாலுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் அவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

கமால் சுருட்டு விற்பாரே தவிர வாயில் வைத்தவரில்லை. எந்தக் கட்டு நல்ல சரக்கு, எது சொத்தை என்று அவருக்குச் சொல்வது மந்திரமூர்த்தியின் நாக்குதான். மனுஷன் சாயங்காலம் காட்டு வேலை முடிந்து வந்து இரண்டு சுருட்டை மடியில் கட்டிக்கொண்டு போவார். மறுநாள் காலையில் வந்து, பச்சை வாடை அடிக்கிறது என்பார், காரம் போதாது என்பார். கமால் அதை ஏஜெண்டிடம் அப்படியே சொல்லிக் கட்டை மாற்றிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக அந்த நாக்கு ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. நல்ல சுருட்டா, கமால் கடைக்குப் போ என்று சுற்றுவட்டாரத்தில் பேர் வந்ததே அதனால்தான்.

இவ்வளவுக்கும் அவர் சுருட்டு குடித்துக் கமால் பார்த்ததில்லை. காரணம் ஊருக்கே தெரியும். மந்திரமூர்த்தியின் மனைவி வெயிலம்மாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. அந்த அம்மா தெருவில் வருகிறது என்றால் மீசை வைத்த ஆட்களே பீடியைக் காலில் போட்டு மிதிப்பார்கள். கட்டின புருஷன் கதியைக் கேட்கவா வேண்டும்.

“டீச்சர் வர அஞ்சு மணி ஆகும். பயப்படாதீய” என்று கமால் தீப்பெட்டியை நீட்டினார்.

வீட்டில் ஆற அமரக் குடித்துவிட்டு நாளைக்கு வந்து விலாவாரியாகச் சொல்வதாக மந்திரமூர்த்தி எவ்வளவோ மன்றாடினார். கமால் விடுவதாக இல்லை. ருசி தெரிந்த மனுஷன் அசல் சரக்கை ரசிப்பதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் ஆசை.

வேறு வழியில்லாமல் பற்ற வைத்தார் மந்திரமூர்த்தி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். இருமல் பிடித்துக்கொண்டது பாருங்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடிவந்து தலையில் தட்டினார்கள். கமால் சோடாவை உடைத்துக் கொடுத்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய, மந்திரமூர்த்தி அந்தச் சுருட்டை ஊதுபத்தி பிடிப்பதுபோல் எட்டப் பிடித்திருந்தார்.

கூட்டம் கலைந்ததும் கமால் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, நீங்க ஆயுசுல சுருட்டு குடிச்சதே இல்ல. அப்படித்தானே?”

மந்திரமூர்த்தி பெஞ்சை விட்டு எழுந்தார். சுருட்டை அணைத்துக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். “நாளைக்கு வந்து சொல்லுதேன் பாய்” என்று தலையைக் குனிந்தபடி நடையைக் கட்டினார்.

கமால் மனசுக்குள் கணக்குப் போட்டார். அப்படியானால் இத்தனை வருஷமாகத் தினம் இரண்டு சுருட்டை எதற்கு வாங்கினார்? கோவில்பட்டியில் யாவாரம் நொடித்து, பெண்டாட்டி பிள்ளையோடு இந்த ஊருக்கு வந்து கடை போட்ட புதிதில் கமால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் போணியே மந்திரமூர்த்திதான். பாவம் பார்த்து வாங்கியிருக்கிறார். வாங்கிக்கொண்டு போய்க் கரிசல் காட்டில் எறிந்திருக்கிறார். ருசி சொன்னதெல்லாம் புளுகு. அந்தப் புளுகு எப்படித் தவறாமல் பலித்தது என்று யோசிக்கிற நிலையில் கமால் இல்லை. யாவாரம் பண்ணுகிறோம் என்று நிமிர்ந்து நின்றதெல்லாம் இருபத்திரண்டு வருஷப் பிச்சையா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்ல மனுஷன், விட்டுத் தள்ளுங்க என்றாள் மனைவி தௌலத் பேகம். அவரால் முடியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடையை அவளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும். பாவம் பார்த்ததுதான் என்றால், நாளையிலிருந்து கடைப்பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

மந்திரமூர்த்தியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் பாதி திறந்திருந்தது. கூப்பிட வாயெடுத்த கமால் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே மந்திரமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“முதல்ல மிளகு கணக்கா சுள்ளுன்னு இருந்துச்சு. பாதியில கருப்பட்டிக் காப்பி வாசம். பெறவு… பெறவு…”

“பெறவு நிலக்கடலை வறுத்த வாசம். எத்தன தடவ சொல்லுதது?” என்றது நாற்காலியிலிருந்து ஒரு குரல். “சரக்கு உசத்திதான், ஆனா பாய் கடைச் சுருட்டுல உள்ள காரம் இதுல இல்ல, இருபத்திரண்டு வருஷமா அது இல்லாம ஒருநாளும் தூக்கம் வந்ததில்லன்னு அவியகிட்ட சொல்லுங்க. எங்க, முதல்ல இருந்து திருப்பிச் சொல்லுங்க பாப்போம்.”

சொல்லிவிட்டு, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, கியூபா சுருட்டை ஆசையாக இன்னொரு இழுப்பு இழுத்தார் தலைமை ஆசிரியை வெயிலம்மாள்.