மார்லிஸின் தராசு

ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணி. மின்னசோட்டாவின் டுலூத் நகருக்கு வெளியே, காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப்போகும் வீட்டு ட்ரெய்லர்களை விற்கும் மைதானத்தின் ஓரங்களில் அழுக்கேறிய பனி இன்னும் கரையாமல் குவிந்து கிடந்தது.

சிறிய காரை ஓட்டி வந்து இறங்கிய மார்லிஸ், பின் இருக்கையிலிருந்து குளியலறைத் தராசை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"உடம்பு எடை பார்க்கவா வந்தீங்க?" என்றார் விற்பனையாளர் கர்ட்.

"ஆமா. உங்க ட்ரெய்லரோட உடம்பை."

மறுபக்கக் கதவிலிருந்து அவருடைய கணவர் வெண்டெல் மெதுவாக இறங்கினார். ஆறடி மூன்றங்குலம். முப்பத்தெட்டுக் கோடைகளாக ஏரிக்கரையில் கூடாரம் அடித்தவர்கள் இருவரும். இந்த ஆண்டு வெண்டெலின் முதுகு தரையில் படுக்க மறுத்துவிட்டது. ட்ரெய்லர் அமைந்தால் ஏரி உண்டு. இல்லாவிட்டால் இனி இல்லை.

கர்ட் முதலில் பெரிய ட்ரெய்லர் ஒன்றைத் திறந்து காட்டினார்.

"உள்ளே நிமிர்ந்து நிக்கலாம். குளிக்க இடம் இருக்கு. படுத்துப் பாருங்க, காலை நீட்டலாம்."

வெண்டெல் காலணியைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்தார். "சொர்க்கம்தான்."

மார்லிஸ் வெளியே குனிந்திருந்தார். வண்டியோடு பூட்டும் முன்தண்டுக்குக் கீழே மரக்கட்டையையும் தராசையும் வைத்து, முள்ளை உற்றுப் பார்த்தார்.

"முள்ளு சுத்தி முடிஞ்சு நிக்குது. இது வேண்டாம்."

"உங்க காருக்குத்தான் இது கனம். ட்ரக் எதுவும் இல்லையா?"

"இருக்கு," என்றார் வெண்டெல். "அக்டோபர்லேர்ந்து அதுல ஏதோ சத்தம். கொட்டகையில போட்டு வச்சிருக்கேன்."

"ஒரு சத்தத்துக்கா? எங்க மெக்கானிக் அரை நாள்ல சரி பண்ணிடுவார்."

"பண்ணலாம்," என்ற வெண்டெல், காலணியைத் தேடுவதில் முனைந்தார்.

மார்லிஸ் அதற்குள் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அங்கே முட்டை வடிவத்தில் ஒரு பழைய ட்ரெய்லர் நின்றது. உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, அவ்வளவே. முன்தண்டின் கீழ் வைத்த தராசு நூற்றிருபது ராத்தல் காட்டியது. மார்லிஸ் கையுறையை மாட்டிக்கொண்டு, முன்தண்டைப் பற்றித் தனியாகவே அதை இரண்டடி பின்னால் தள்ளினார்.

"இது போதும்."

உள்ளே நுழைந்த வெண்டெலின் தலை கூரையில் இடித்தது.

"மனுஷன் கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்கறார், கொஞ்சம் பாருங்க," என்றார் கர்ட்.

"உள்ளே போறது தூங்கத்தான். நிக்கறதுக்கு மின்னசோட்டா முழுக்க இடம் கிடக்கு."

"மார்லி சொன்னா சரிதான்," என்றார் வெண்டெல்.

முகாம்களில் ட்ரெய்லரைப் பின்னோக்கி நிறுத்துவது கணவர் வேலை. பின்னால் நின்று கைகாட்டித் திட்டு வாங்குவது மனைவி வேலை. சுற்றியிருப்பவர்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அன்று வெள்ளோட்டத்தில் மார்லிஸ் ஓட்டினார். வெண்டெல் பின்னால் நின்று கைகாட்டினார்.

"வா... வா... இன்னும் வா..."

ட்ரெய்லரின் பின்விளக்கு வேலிக்கம்பத்தில் மோதி உடைந்தது.

"நில்லு," என்றார் வெண்டெல், அதற்குப் பிறகு.

"என் தப்புதான்," என்று மார்லிஸ் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்.

காப்பி ஊற்றிக் கொடுத்தபோது கர்ட் குரலைத் தாழ்த்தினார். "ஸ்டீரிங்கும் போச்சா, வெண்டெல்? வீட்டுல டிவி ரிமோட்டாவது உங்க கையில இருக்கா?"

"பேட்டரி மாத்தற உரிமை மட்டும் எனக்கு."

வெண்டெலைக் காப்பியோடு வெளியே விட்டுவிட்டு, கர்ட் உள்ளே பத்திரம் எழுத உட்கார்ந்தார்.

"என் பேர் மட்டும் போடுங்க," என்றார் மார்லிஸ்.

கர்ட்டின் பேனா நின்றது. "அவர் பேர்?"

"வேண்டாம்."

"தப்பா நினைக்காதீங்க. அவர் ஆசைப்பட்டதை வேண்டாம்னீங்க. வண்டியையும் நீங்களே ஓட்டறீங்க. இப்ப பேரும் இல்லைன்னா, ஒரு மனுஷனை இப்படி ஓரங்கட்டலாமா?"

மார்லிஸ் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்த ட்ரக்ல எந்தச் சத்தமும் இல்லை. நானே ஓட்டிப் பார்த்துட்டேன். அவனுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. என்கிட்ட சொல்லலை, நானும் கேக்கலை. என் கையால பூட்டணும், என் கார் இழுக்கணும், அதுக்குத்தான் இந்தத் தராசு. என் பேர்ல இருந்தா, நான் ஓட்டறதை ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் அடங்காப்பிடாரின்னு ஊர் சொல்லிட்டுப் போகட்டும். அவனால ஓட்ட முடியலைன்னு ஒருத்தர் சொல்லக் கூடாது."

கர்ட் தலை நிமிராமல் எழுதி முடித்தார். மார்லிஸ் எட்டாயிரத்து எழுநூறு டாலருக்குக் காசோலை கொடுத்து, விளக்கை மாற்றிய பிறகு வெள்ளிக்கிழமை ட்ரெய்லரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் தராசோடு புறப்பட்டார்.

திங்கட்கிழமை காலை, இரண்டு பேருந்து மாறி, வெண்டெல் தனியாக வந்தார்.

"பின்னால இருக்கறதைக் காட்டற கேமரா ஒண்ணு அந்த ட்ரெய்லர்ல மாட்டணும். அதோட இலவசமா வர்றதுன்னு அவகிட்ட சொல்லிடுங்க."

"ஏன், நீங்கதான் பின்னால நின்னு கைகாட்டறீங்களே?"

"காட்டறேன். ஆனா எனக்கு எதுவும் தெரியறதில்லை. என் பேச்சை நம்பி வந்துதான் அவ விளக்கை உடைச்சா. இது அவளுக்குத் தெரிய வேண்டாம், கர்ட். தெரிஞ்சா, என்னை வீட்டுல வச்சுப் பார்த்துக்கறேன்னு ஏரியையே விட்டுடுவா."

கேமராவுக்கான இருநூற்றுப் பத்து டாலரை வெண்டெல் அப்போதே ரொக்கமாகக் கொடுத்தார். மாட்டுகூலி அறுபதையும், பின்விளக்குக்கு இருபத்தைந்தையும், வெள்ளிக்கிழமை ட்ரெய்லரை ஒப்படைத்த பிறகு, கர்ட் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டார்.