ஒன்பதாம் பக்கம்

“உப்புத் தண்ணி பட்டா உத்தரவாதம் இல்லையா? வள்ளத்து இஞ்சினைக் கடல்ல ஓட்டாம கிணத்துலயா ஓட்டச் சொல்றீங்க?”

ஹஃபீலா கடை மேசையில் ஓங்கித் தட்டினாள். வாங்கி மூன்றே மாதத்தில் நின்றுபோன இஞ்சினோடு தம்பி மிஹ்லார் பக்கத்தில் நின்றான்.

மெனேஜர் அசையவில்லை. “உத்தரவாதப் பத்திரத்தில ஒன்பதாம் பக்கத்தில இருக்கு மிஸ். தம்பி கையெழுத்து வெச்சிருக்காரே.”

“இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் அங்க கொண்டுபோய் ஒளிச்சு வெச்சீங்க?”

“வாங்குற ஆக்கள் ரெண்டு பக்கத்துக்கு மேல வாசிக்கிறல்லயாம் மிஸ். பல்கலைக்கழகத்தில யாரோ ஆராய்ச்சி செஞ்சு எழுதியிருக்காங்க. அதைப் படிச்சிட்டுத்தான் எங்கட கொம்பனி லோயர் இதைப் பின்னுக்குத் தள்ளினார்.” அவர் பெருமையாகச் சிரித்தார்.

ஹஃபீலா மேசையிலிருந்து கையை எடுத்தாள்.

மிஹ்லாருக்கோ ரத்தம் கொதித்தது. “அந்த ஆராய்ச்சி செஞ்ச ஆளு மட்டும் என்ட கையில அம்பிடட்டும் ராத்தா! எங்கட வயித்துல அடிக்கவா இவங்க படிச்சாங்க?”

இந்த மாதிரி ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றுதான் அந்த ஆராய்ச்சியை ஹஃபீலா எழுதியிருந்தாள். அதற்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்த அன்று எத்தாளை ஊர் முழுக்கப் புரியாணி ஆக்கிப் போட்டவன் மிஹ்லார்தான்.